இரண்டு விரல் நீளமான கார்

ஆக்சில் உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கவரைப்பேட்டைக்கு உள்ளே, என் சித்தப்பா மகனின் நெல் ஷெட். வெயில் ஏற ஏறத் தகரக் கூரை டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. நடுவில் மரக்கட்டைகளின் மேல் எங்கள் கார். கார் என்றால் அன்றைக்கு அது வெறும் இரும்புக் கூடு. சதுரக் குழாய்களை வெட்டி நானே வெல்டிங் வைத்தது. பின்பக்கம் ஜாக்கியின் மேல், என் அப்பா ஓட்டிய பழைய ஸ்கூல் வேனின் ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கோடு காத்திருந்தது.

ஸ்பிரிங்கைக் கூட்டில் இருக்கும் பிராக்கெட்டுக்குள் நுழைத்து போல்ட் போட வேண்டும். போட்டுவிட்டால் அன்றைக்கே சக்கரம் மாட்டிக் காரைத் தரையில் இறக்கிவிடலாம். நான் வரும் வழியிலேயே தேங்காயும் கற்பூரமும் வாங்கி வைத்திருந்தேன். அவசரக்காரி என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர்.

இடது பக்கம் போல்ட் சுகமாக இறங்கியது. வலது பக்கம் ஓட்டைக்கு ஓட்டை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது.

மணி கடப்பாரை போட்டு நெம்பினான். மணி அத்திப்பட்டுக்காரன், மின் நிலையத்தில் கான்டிராக்டில் மெக்கானிக். எங்கள் காரில் இன்ஜினும் கியரும் அவன் பாடு. நெம்பியதில் அவனுக்கு வேர்த்ததுதான் மிச்சம்.

என் கணவர் சம்பத் தன் ஸ்டீல் ஸ்கேலை எடுத்தார். முதலில் கூட்டை அளந்தார். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தில், வேனின் கையேட்டைப் பார்த்து நாங்கள் குறித்திருந்தபடியே இருந்தது, நூல் பிசகவில்லை. பிறகு ஆக்சிலை அளந்தார். ஒரு விரல் குறைந்தது. மறுபடி அளந்தார். மறுபடியும் குறைந்தது.

"ஆக்சில் வளஞ்சிகினு கீது அண்ணே," என்றான் மணி. "எங்கியோ செமையா இடிச்சிருக்கு. அதான் உள்ள வாங்கிக்கிச்சி."

ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடங்காத காலை ஒரு கவிழ்த்த பக்கெட்டின் மேல் நீட்டி, என் அப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"இன்னாடா சொன்ன?"

"இல்ல நைனா, ஆக்சிலு..."

"என் வண்டி இடிச்சிச்சா? புள்ளைங்கள ஏத்திகினு போன வண்டிடா அது! ஒரு கீறல் காமி, ஒரே ஒரு கீறல்."

"மாமா, அளவு அப்படித்தான் சொல்லுது," என்றார் சம்பத், மெதுவாக.

"அளவு சொல்லுதா? அப்போ நான் சொல்றது இன்னா மாப்ள?"

நைனா டம்ளரைக் கீழே வைத்தார். தடியை ஊன்றி எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அந்தத் தேங்காய் சட்னிக்குத்தான் போனது.

வேனும் நைனாவும்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய, வேனைப் பிரித்துப்போட்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கார் வேண்டுமென்றால் ஷோரூமுக்குப் போக வேண்டியதுதானே அம்மா, எதற்கு இந்தப் பேஜாரு?" என்று கேட்டிருக்கிறார். ஐயா, தோசை வேண்டுமென்றால் ஓட்டலுக்கும் போகலாம்தான். வீட்டில் கல்லைப் போட்டு ஊற்றுகிறவர்கள் எல்லாம் பைத்தியமா?

நான் வெல்டர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நாள் முழுக்கத் தொட்டியும் குழாயும் ஒட்டுகிறேன். ஒட்டி முடித்ததும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அது எந்த ஊரில் நிற்கிறது, ஒழுகுகிறதா இல்லையா, ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் ஒட்டிய இரும்பு ஒன்றாவது என் கண் முன்னால் ஓட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

ஒருநாள் தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ்ஸில் பெரியபாளையம் தாண்டும்போது போனில் ஒரு வீடியோ வந்தது. எந்த நாட்டிலோ ஒருவர், பழைய கார் ஒன்றைப் பிரித்து, அந்த உறுப்புகளை வைத்தே இரண்டு பேர் உட்காரும் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தன் வீட்டுக் கொட்டகையில் கட்டியிருந்தார். மூக்கு நீளம், கூரை கிடையாது, தரையை உரசிக்கொண்டு போகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த சம்பத்தை உலுக்கி எழுப்பிக் காட்டினேன். "வரைபடம் கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே அந்த மனிதரை இன்னொரு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம்.

வரைபடம் இணையத்திலேயே கிடைத்தது. திருவள்ளூர் ஜெராக்ஸ் கடையில் கதவு அகலத்துக்கு அச்செடுத்தோம். உறுப்பு தர ஒரு வண்டி வேண்டுமே? அதற்கு நைனாவின் வேன் இருந்தது.

செவ்வாப்பேட்டையில் என் சிறு வயது முழுக்க அந்த மஞ்சள் வேனோடுதான். நைனாவுக்கு இரண்டு சட்டம் உண்டு. கிளம்பும் முன் ஒருமுறை உடம்பையே திருப்பிப் பின்னால் பார்ப்பார், "எல்லாம் ஏறியாச்சா?" என்பார், பிறகுதான் கியர். இரண்டாவது, முள் நாற்பதைத் தாண்டக் கூடாது. ரோடு காலியாகக் கிடந்தாலும் தாண்டாது. ஸ்கூட்டர்காரர்கள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போகும்போது எனக்கு மானமே போகும். "பின்னால புள்ளைங்க கீது," என்பார், அவ்வளவுதான் பதில்.

பிறகு ஒரு மழை நாளில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். முட்டியில் பிளேட் வைத்தார்கள். கால் நேரானது, நேரானபடியே நின்றும் விட்டது. அதற்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. ஓட்டுவது போகட்டும், உட்கார்ந்து போகவும் முடியவில்லை. ஆட்டோவில் கால் வெளியே நீட்டும், பஸ்ஸில் முன் சீட்டு இடிக்கும். வாழ்நாள் முழுக்கச் சக்கரத்தின் மேல் இருந்த மனிதர், கவரைப்பேட்டையில் தம்பி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். வேனுக்கும் வயது முடிந்து எஃப்சி கிடைக்காமல் போனது. காயலான் கடைக்காரர் வாரா வாரம் வந்து வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

நான் வேனைக் கேட்டபோது நைனா யோசிக்கவே இல்லை.

"எடுத்துக்கோ. ஆனா நீ கட்டற வண்டில நான் ஒரு ரவுண்டு வருவேன். அது ஆவாதுன்னா சொல்லிடு, காயலான் கடைக்கே போவட்டும்."

"ஆவும் நைனா," என்றேன். வரைபடத்தைச் சரியாகப் பார்க்காமலேயே சொன்னேன்.

சாக்பீஸ் கோடு

எல்லா வண்டியிலும் முட்டியை மடக்கித்தான் உட்கார வேண்டும். இந்த மாதிரி ஸ்போர்ட்ஸ் காரில் மட்டும்தான் தரையோடு உட்கார்ந்து காலை நேராக நீட்டிக்கொள்ளலாம். நைனாவின் காலுக்காகவே யாரோ வடிவமைத்த மாதிரி எனக்குத் தோன்றியது. எனக்கு ஒரே குஷி.

கூடு கட்டுவதற்கு முன்னால், ஷெட் தரையில் காரின் உள்பக்கத்தை முழு அளவில் சாக்பீஸால் வரைந்தேன். என் தையல் பெட்டியில் இருந்த இஞ்ச் டேப்பால் அளந்து, சீட்டு எங்கே, கால் போய் முட்டும் தகடு எங்கே என்று கோடு போட்டேன். வேனின் சீட்டைக் கோட்டுக்குள் வைத்து, நைனாவை மெதுவாக இறக்கி உட்கார வைத்தோம்.

குதிகால் கோட்டைத் தாண்டி நின்றது. இரண்டு விரல் அகலம்.

சீட்டைப் பின்னால் தள்ள இடமில்லை, அங்கே ஆக்சில். கோட்டை முன்னால் தள்ள முடியாது, அங்கே இன்ஜின். நைனா ஆறடி மனிதர். அந்த இரண்டு விரலுக்கு முட்டி கொஞ்சமாவது மடங்க வேண்டும், அது மடங்காது.

"பரவால்லம்மா," என்றார் நைனா. "எதுனா பண்ணிக்கலாம்."

அந்த "எதுனா" என்னவென்று எனக்குத் தெரியவில்லை. படத்தின் அளவை மாற்றினால் ஒன்று மாற்ற ஒன்பது மாறும் என்று சம்பத் சொன்னார். கட்ட ஆரம்பிப்போம், வழி பிறக்கும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சாக்பீஸ் கோட்டை மட்டும் அழிக்காமல் விட்டுவைத்தேன். ஷெட்டுக்குள் வரும்போதெல்லாம் அது கண்ணில் குத்தும்.

ஒரு வேலைக்கு ஒரு ஸ்கேல்

இப்போது சம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அதே தொழிற்பேட்டையில், உருக்கு வார்க்கிற ஒரு ஃபவுண்டரியில் அவர் பேட்டர்ன் மேக்கர். எந்த உறுப்பை வார்க்க வேண்டுமோ, அதை அப்படியே முதலில் மரத்தில் செய்வார். அதை மணலில் பதித்து அச்செடுத்து, அச்சுக்குள் காய்ச்சிய உருக்கை ஊற்றுவார்கள். மரத்தில் அவர் செய்த அளவுதான் இரும்பில் வரும். ஆகவே அளவு விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

நான் தையல் டேப்பால் அளந்ததைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. "ஒரு வேலைக்கு ஒரு ஸ்கேல்தான் ருக்கு. ரெண்டாவது டேப் உள்ள வந்தா வேலை கெட்டுது. எங்க ஷாப்ல தொடவே விடமாட்டாங்க," என்றார். அன்றோடு என் டேப் தையல் பெட்டிக்குத் திரும்பிவிட்டது. மணியின் டேப்பும் பறிமுதல். குழாய் வெட்டுவது, கோணம் பார்ப்பது, பிராக்கெட் வைப்பது எல்லாமே சம்பத்தின் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலால்தான். அவர் கோடு போட்ட இடத்தில் நான் வெட்டுவேன், அவர் சொன்ன இடத்தில் ஒட்டுவேன்.

அந்த ஸ்கேல் அவருடைய உடம்பில் ஓர் உறுப்பு. வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கியது. எங்கள் வீட்டில் ஷெல்ஃப், சாமி மேடை, கட்டில் எல்லாம் அதால் அளந்து அவர் கையாலேயே செய்தவை. தேக்குக் கட்டில், தட்டினால் கோயில் மணி மாதிரி கணீரென்று இருக்கும். அந்தக் கட்டிலில் ஒரே ஒரு குறை. மெத்தை கால்மாட்டில் இரண்டு விரல் குறையும். மெத்தைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பல வருடங்களாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மெத்தையை மாற்றியும் பார்த்தேன், அந்த இடைவெளி போகவில்லை. என் கொண்டை ஊசி, மூக்குக் கண்ணாடி, போன் எல்லாம் அந்தச் சந்தில்தான் போய் விழும்.

கட்டில் சொன்னது

ஆக்சில் விஷயத்துக்குப் பிறகு நைனா ஷெட் பக்கம் வரவில்லை.

வேறு ஆக்சில் தேடலாம் என்றான் மணி. நான் சரி என்று சொல்லவில்லை. வேறு ஆக்சிலைப் போட்டால் நைனா எங்கேயோ இடித்தார் என்று நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும். "காரு ஓடட்டும், நல்லா ஓடட்டும். நான் எதுக்கு அதுல?" என்று அவர் சித்தியிடம் சொன்னதாகக் காதுக்கு வந்தது. இதற்கு நடுவில் சித்தப்பா மகன் வேறு, "அக்கா, அறுப்பு வருது, ஷெட்டு வேணும்," என்று வந்து நின்றான்.

அடுத்து வந்தது அமாவாசை. அமாவாசை என்றால் திருவள்ளூரில் நாங்கள் வீட்டை விட்டு வெளியே வருவதே பெரிய பாடு. நோய் தீர வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கூட்டம் தெரு முழுக்க நிற்கும். சம்பத்தின் குடும்பம் பரம்பரையாகப் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பம். அமாவாசை புறப்பாட்டுக்கு அவர் லீவு போட்டாவது போய்விடுவார். அன்றும் விடியற்காலையிலேயே போய்விட்டார்.

நான் நாஷ்டாவை முடித்துவிட்டு வந்து படுக்கையை உதறினேன். போன் வழக்கம்போலச் சந்தில் விழுந்தது. குனிந்து எடுத்ததும் எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ, அந்தப் போனிலேயே மெத்தைக் கடைக்காரரைக் கூப்பிட்டுவிட்டேன்.

"ஆறேகால் அடின்னு சொல்லித்தான வாங்கனேன்? ரெண்டு விரல் சின்னதா கீது!"

"மேடம், மெத்தை சரியாத்தான் இருக்கும். கட்டில அளந்தீங்களா?"

"கட்டில் எங்க ஊட்டுக்காரரு கையால செஞ்சது. அவரு அளவு தப்பாது."

"ஒரு தபா அளந்துதான் பாருங்களேன் மேடம்."

அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்றே தையல் டேப்பை எடுத்து வந்தேன். ஆறேகால் அடி என்றால் எழுபத்தைந்து அங்குலம். டேப் எழுபத்தாறரை காட்டியது. மடிந்திருக்குமோ என்று இழுத்துப் பிடித்தேன். அதே எழுபத்தாறரை.

பீரோ பக்கத்து ஆணியில் சம்பத்தின் ஸ்கேல் தொங்கியது. அதை எடுத்துக் கட்டில் மேல் வைத்தேன், பக்கத்தில் டேப்பை விரித்தேன். ஸ்கேலில் நூறு சென்டிமீட்டர் முடிகிற இடத்தில் டேப்பில் நூற்றிரண்டு. ஸ்கேலின் மூலையில் சின்னதாக '2%' என்று குத்தியிருந்தது. இத்தனை வருடமும் அதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி முத்திரை என்று நினைத்துவிட்டேன்.

காய்ச்சிய உருக்கு ஆறும்போது சுருங்கும். அதனால் ஃபவுண்டரியில் மரத்தை அந்த அளவுக்குக் கூட்டித்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, கோடுகளையே கொஞ்சம் நீட்டிப் போட்ட ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார்கள். சம்பத்திடம் இருந்தது அந்த ஸ்கேல். அவர் கண்ணுக்கு உலகத்தில் வேறு ஸ்கேலே கிடையாது. காய்ச்சி ஊற்றப் போகிறவர் மாதிரி எங்கள் காரை அளந்து கட்டியிருக்கிறார், முழுக் கூட்டையும்!

ஆக்சில் வளையவில்லை. நைனா எங்கேயும் இடிக்கவில்லை. நான் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கேலோடு தெருவில் இறங்கி ஓடினேன்.

பெருமாள் பின்னால்

புறப்பாடு சன்னதித் தெரு திரும்பிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம், தவில், வெல்லமும் துளசியும் கலந்த வாசனை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனேன். ஒரு பெண் மீட்டர் ஸ்கேலை ஏந்திக்கொண்டு ஓடி வந்தால் யாருக்கும் வழி விடத்தான் தோன்றும்.

பல்லக்கின் பின் கொம்பில், இடது தோளில் பாரம் வாங்கி, வெற்றுடம்பில் நாமத்தோடு சம்பத். தலையைத் திருப்ப முடியாது. நான் பக்கத்திலேயே நடந்தேன்.

"இன்னாங்க!"

"ருக்கு, பெருமாள் தோள்ல இருக்கார்."

"தெரியுது, திரும்பாதீங்க. காதுல மட்டும் வாங்கிக்கோங்க. நம்ம கட்டில் ஒன்றர இஞ்ச் அதிகமா கீது."

"இதச் சொல்லவா இங்க வந்த?"

"உங்க ஸ்கேல் காய்ச்சி ஊத்தற வேலைக்கு உள்ளது. நாம கார காய்ச்சியா ஊத்தறோம்? வாங்கன குழாய்தான அது, எங்க சுருங்கும்?"

அவர் நான்கைந்து அடி நடந்தார். பிறகு "பெருமாளே!" என்றார். அதற்குப் பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார்! அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

"யோவ் சம்பத், பெருமாள ஆட்டாதய்யா!" என்று முன்னாலிருந்து ஒரு குரல் அதட்டியது.

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான், அந்த நெரிசலுக்கு நடுவில், சாக்பீஸ் கோடு ஞாபகம் வந்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

அந்தக் கோட்டைப் போட்டது தையல் டேப். கூட்டைக் கட்டியது இந்த ஸ்கேல். அப்படியென்றால் கூட்டுக்குள் கால் நீட்டும் இடம், கோட்டில் இருப்பதைவிட நீளம்!

"இன்னாங்க," என்றேன். "நைனா கால்..."

அவருக்கும் புரிந்துவிட்டது. "ஒரு விரல் அங்க கிடைக்கும்," என்றார், நடந்துகொண்டே. "இன்ஜின் ரூமும் ஒரு விரல் பெருசாத்தான் இருக்கும். இன்ஜின் பெருசாகலையே. அவர் பக்கம் தகட்ட முன்னால தள்ளிக்கலாம்."

ஒரு விரலும் ஒரு விரலும் இரண்டு விரல். பல்லக்கு மேல் பெருமாள் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தார். நான் தெரு நடுவில் நின்று ஸ்கேலோடு சேர்த்துக் கும்பிட்டேன்.

மிதி

அன்று மத்தியானமே கவரைப்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். "ஆக்சில் சரியாத்தான் கீது நைனா. கூடுதான் பெருசு. அளவுதான் தப்பு."

நைனா தடியை எடுத்தார். ஷெட்டுக்கு வரும் வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, "என் வண்டி எங்கியும் இடிக்கல," என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு மணி வந்து மன்னிப்புக் கேட்டதும், "என்னாண்ட சொல்ல வேணாம், ஆக்சிலாண்ட சொல்லு," என்றார். மணி ஆக்சிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிக்கோ தாயி," என்றான்.

சம்பத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. மொத்தக் கூட்டையும் வெட்டிச் சரியான அளவில் திரும்பக் கட்ட வேண்டும் என்றார். தொழில்காரருக்கு அது மானப் பிரச்சினை. நான் கட்டிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். பின்பக்கப் பிராக்கெட்டை மட்டும் அறுத்து, உள்ளே தள்ளி ஒட்டினேன். நீளத்தில் ஒரு நூல்கூடக் குறைக்க விடவில்லை, நைனா பக்கத் தகட்டை மட்டும் ஒரு விரல் முன்னால் தள்ளி வைத்தேன். ஆக்சில் போய் உட்கார்ந்தது, வலது பக்கம் போல்ட் விரலாலேயே இறங்கியது. இந்தத் தடவை தேங்காய் வாசலில் உடைந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மூக்குக்குச் சம்பத் மரத்தில் அச்சு செய்தார், அதன் மேல் ஃபைபர் ஒட்டினோம். மணி இன்ஜினை உறும வைத்தான். வேனுக்கு அடித்தது போக மீந்திருந்த அதே மஞ்சள் பெயின்ட்டை அடித்தேன். ஸ்பீடோமீட்டர், சாவி, ஹாரன் எல்லாம் வேனுடையவை. சீட்டுக்கு ரெக்சின் உறையும் தைத்தேன், என் டேப்பால் அளந்து.

ரோட்டில் ஓட்ட இந்தக் காருக்கு அனுமதி கிடையாது. தொழிற்பேட்டையில் லாரிகள் நிறுத்துகிற ஒரு காங்கிரீட் திடலை அதன் உரிமையாளரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கினேன். காரை ஏற்றிப் போக மினி லாரி வந்து நின்றது.

"ஏத்தறதுக்கு முன்னால ஒரு தபா ஒக்காந்து பாத்துடறேன்," என்றார் நைனா.

சம்பத் ஒரு கக்கத்தில், மணி ஒரு கக்கத்தில். நான் அந்தக் காலைப் பிடித்து உள்ளே வழிகாட்டினேன். இடுப்பு இறங்கியது. முதுகு சீட்டில் சாய்ந்தது. கால் நீண்டு, நீண்டு, உள்ளே போனது. முட்டி மடங்க வேண்டி வருமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குதிகால் தகட்டைப் போய்த் தொட்டது. தொட்டதே தவிர இடிக்கவில்லை.

"இன்னா நைனா?"

அவர் காலை அசைத்துப் பார்த்தார். "ஊட்ல நாற்காலில கூட இப்டி ஒக்காந்ததில்லம்மா," என்றார்.

நான் அழுதுவிட்டேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

"சரி, எறங்குங்க மாமா, லாரில ஏத்தணும்," என்றார் சம்பத்.

"எறங்கறதா? ஏறனது ஏறனதுதான் மாப்ள. இப்டியே ஏத்து."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் பலகை சாய்த்து, நைனா உள்ளே உட்கார்ந்தபடியே காரை லாரி மேல் தள்ளி ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினோம். லாரி மேல் மஞ்சள் கார், கார் உள்ளே நைனா, நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டி வரை ஊர்வலம். ஆந்திரா பஸ்ஸில் போனவர்கள் போனை வெளியே நீட்டிப் படம் எடுத்தார்கள். நைனா எல்லோருக்கும் கையாட்டிக்கொண்டே வந்தார்.

திடலில் இறக்கினோம். நான் அவருக்குப் பக்கத்தில், ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தேன். வேனின் அதே சாவியைத் திருகினேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. காலடித் தகடு, ஸ்டியரிங், என் பல் எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன.

"நில்லு," என்றார் நைனா. உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். அங்கே பெட்ரோல் டேங்கும் ஒரு ஸ்டெப்னியும்தான். முன்னால் திரும்பிக்கொண்டார்.

கிளட்சை விட்டேன். கார் துள்ளிக் கிளம்பியது. தரை இவ்வளவு பக்கத்தில் ஓடும் என்று நான் நினைக்கவே இல்லை. காற்று முகத்தில் அடித்தது, தலைமுடி பிய்த்துக்கொண்டது, நான் ஒட்டிய இரும்பு ஓடுகிறது! இரண்டாவது கியர், மூன்றாவது. முள் ஏறியது. நாற்பதைத் தொட்டதும் என் கால் தானாகவே தளர்ந்தது. பக்கத்தில் நைனா உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் கால் வேறென்ன செய்யும்?

நாற்பதிலேயே ஒரு சுற்று முடிந்தது. ஓரத்தில் சம்பத்தும் மணியும் கத்தியது காதில் விழுந்தது.

நைனா மறுபடியும் உடம்பைத் திருப்பினார். இந்தத் தடவை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, சீட்டில் நன்றாகச் சாய்ந்து, காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டார்.

"பின்னால புள்ளைங்க யாரும் இல்லம்மா," என்றார். "மிதி!"